15 நாளில் முடிந்துபோகிற கண் மருந்து

ஹட்டனில் பாமசி கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். கண் அழுத்தத்துக்கு லட்டனோபுரொஸ்ட் போடுகிறவர்கள் மருந்தை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் போத்தலே சொல்லிவிடும். 2.5 மில்லிலீட்டரில் ஏறக்குறைய 80 துளி. இரவில் கண்ணுக்கு ஒரு துளி வீதம் மாதத்துக்கு 60, மிச்சம் கைதவறிச் சிந்துகிறதுக்கு. 15 நாளில் முடிந்தாலும் கோளாறு, மூன்று மாதம் ஓடினாலும் கோளாறு.

கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா போன மாதம் 15ஆம் நாளே வந்து நின்றார். "காலையிலயும் போட்டேன் தம்பி, சீக்கிரம் சொகமாகட்டும்னு." இந்த மருந்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் போட்டால் அதன் வேலை குறையலாம் என்று பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கிறது, பொடி எழுத்தில், இங்கிலிஷில். டொக்டரின் துண்டில் 'நொக்டே' என்றிருந்தது, இரவில் என்பதற்கான லத்தீன் சொல். அதைப் பார்த்து நான் ஒட்டிய லேபிளும் இங்கிலிஷ்தான். அப்புறம் யாரைக் குறை சொல்வது?

சரி, போட்டுக் காட்டுங்கள் என்று கண்ணீர்ச் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்தேன். கொழுந்துக் கறை ஏறிய விரலால் மேல் இமையைத் தூக்கினார், முதல் துளி கன்னத்தில், இரண்டாவது மூக்கில், மூன்றாவது விழுந்தபோது போத்தல் முனை இமை முடியில் இடித்தது. அப்படி இடித்தால் கிருமி மருந்துக்குள் போய்விடும். சரியான முறை இதுதான்: கையைக் கழுவிவிட்டு, அண்ணாந்து, கீழ் இமையை இழுத்துப் பையாக்கி அதில் ஒரே துளி. கண்ணில் அதற்கு மேல் தங்காது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடமாவது அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கி இரத்தத்தில் கலக்கும். கண் அழுத்தத்துக்கான இன்னொரு சொட்டு மருந்தான டிமோலோல் போடுகிறவர்களுக்கு முட்டு (ஆஸ்துமா) இருந்தால் இது விளையாட்டில்லை, டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இன்னொரு மருந்தும் இருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள்.

போத்தலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அடுப்பு மேட்டிலாம், குளிரில் உறைந்துவிடுமென்று! திறந்த போத்தலுக்கு 25 பாகைக்குக் கீழே போதும், நம் மலைக் குளிர் நல்லதுதான்.

புதுப் பெட்டியில் பேனாவால் ஒரு நிலா வரைந்து, திறந்த திகதியையும் 4 வாரம் கழித்து வீச வேண்டிய திகதியையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். இந்த வாரம் சரியான நாளில் வந்தார். பழைய போத்தலைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"இன்னும் கெடக்கே தம்பி. விக்கிற வெலைக்கு இத வீசச் சொல்றீங்களா?"