டர்பிடிட்டி: கலங்கல்

ஊராட்சிக்கு வரும் குடிநீர்ப் பரிசோதனைத் தாளில் பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட் என்று நீளும் வரிசையில் ‘டர்பிடிட்டி’ என்றும் ஒரு வரி இருக்கும். மண்துகள், இலைதழைச் சிதைவு, நுண்ணுயிர்கள் முதலியவை கரையாமல் மிதப்பதால் நீரின் தெளிவு கெடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இலத்தீனில் ‘டுர்பா’ என்றால் கும்பல், அமளி. அதிலிருந்து வந்த ‘டுர்பிடுஸ்’ குழம்பிய நீருக்கும் வழங்கியது, குழம்பிய மனத்துக்கும் வழங்கியது.

தமிழில் ‘கலங்கு’ என்ற வினையும் அப்படியே. குளம் கலங்கும், கண் கலங்கும், மனமும் கலங்கும். சங்க இலக்கியத்தில் கலங்கிய நீருக்குக் ‘கலிழி’ என்று பெயர். மான் குடித்து எஞ்சிய கலிழி நீர் தேன் கலந்த பாலைவிட இனிது என்கிறாள் ஐங்குறுநூற்றுத் தலைவி; அவள் காதலன் நாட்டு நீர் ஆயிற்றே.

ஆகவே டர்பிடிட்டிக்குக் ‘கலங்கல்’ அல்லது ‘கலங்கல்தன்மை’ என்று எழுதலாம். ‘கலக்கல்’ வேண்டாம், அது ஒருவர் கலக்கும் செயல். ‘கொந்தளிப்பு’ டர்புலன்ஸுக்கு, அதாவது நீரோ காற்றோ தாறுமாறாகச் சுழன்றோடுவதற்கு, உரியது. சில மாவட்டங்களில் ஏரி நிரம்பி வழியும் இடத்தையும் கலங்கல் என்பார்கள். குமரி மாவட்டத்தில் அதற்கு மறுகால் என்ற சொல் இருப்பதால் இங்கே குழப்பம் வராது. இங்கே விளவங்கோடு பக்கம் தண்ணீரை வெள்ளம் என்பார்கள்; ‘வெள்ளம் கலங்கி வருது’ என்று சொல்கிறவர்கள் கையில் டர்பிடிட்டி என்று அச்சிட்ட தாளைக் கொடுப்பது நியாயமே இல்லை. அவர்கள் வீட்டுக் குழாயைப் பற்றிய தாள் அது!

இதை அளக்கும் அலகு என்.டி.யு. ஓட்டுக்கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் தூசி மின்னுவதுபோல, நீருக்குள் ஒளியைச் செலுத்தினால் துகள்கள் அதைச் சிதறடிக்கும். பக்கவாட்டில் சிதறும் அந்த ஒளியைக் கருவி அளக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் 10500-ன்படி ஏற்கத்தக்க அளவு 1. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 5 வரை அனுமதி உண்டு.

இந்த எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரினைக் கலங்கிய நீர் தின்றுவிடும். கிருமிகளும் துகள்களின் மறைவில் தப்பிக்கும். அதனால் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ‘இல்லை’ என்று வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலோரக் கிணறுகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அங்கே குளோரைடு வரிதான் முக்கியம்.

கலங்கலைத் தெளிய வைப்பதற்கும் நம்மிடம் பழைய சொல் உண்டு: தேற்றுதல். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரூற்றி வைப்பார்கள். துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படியும். சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் செய்வதும் அதே வேலைதான்.

அப்புறம், மாதிரி எடுத்த தேதியைப் பாருங்கள். குமரிக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டும் உண்டு. மலையிலிருந்து செம்மண் கரைந்து ஆறுகளில் இறங்கும் காலம் அது. மார்ச்சில் எடுத்த மாதிரியில் கலங்கல் 1-க்குள் இருந்தால், அது மார்ச் மாதத்துக்கான கணக்கு மட்டுமே. மழைக்காலத்தில் எடுத்த தாளையும் ஊராட்சியில் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.