குற்றம் செய்தவர் பெண் என்றாலும் போக்சோ பாயும்

15 வயது மாணவியை ஓர் ஆசிரியர் அழைத்துக்கொண்டு போய்விட்டால் செய்தியில் ‘மாணவி கடத்தல்’ என்று வரும். அதே வயதுப் பையனை ஓர் ஆசிரியை அழைத்துப் போனால் ‘மாணவனுடன் ஆசிரியை ஓட்டம்’ என்று வரும். டீக்கடையில் அதைப் படிக்கிறவர் ‘கொடுத்து வைத்தவன்’ என்று சிரிப்பார். அந்தப் பையனும் குழந்தைதான். அவனுக்கு நடந்ததும் அதே குற்றம்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிரம்பாத எவரும் அதன் பார்வையில் குழந்தை. ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. சரி, குற்றம் செய்தவர் பெண்ணாக இருந்தால்? இங்கேதான் பலருக்குக் குழப்பம். உடலுக்குள் ஊடுருவும் பாலியல் தாக்குதலைச் சொல்லும் 3ஆவது பிரிவு ‘ஒரு நபர்’ என்று தொடங்கினாலும், ஆங்கில மூலத்தில் அடுத்து வரும் ‘he’ என்ற சொல் ஆண்பால். அதைப் பிடித்துக்கொண்டு, ‘நான் பெண், இந்தப் பிரிவு எனக்குப் பொருந்தாது’ என்று ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடினார். 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அந்தச் சொல்லை ஆண் என்று மட்டும் குறுக்கிப் படிக்கக் கூடாது, பெண்மீதும் வழக்கு நடத்தலாம் என்றது.

அடுத்த ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு 13 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கு வந்தது. உறவில் பெண் வெறுமனே இணங்குபவள்தான், ஆண்தான் செயல்படுபவன் என்றுகூடக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் தரப்பில் வாதம் வைத்தார்கள். பழைய காலத்து எண்ணம் என்று நீதிமன்றம் அதை ஒதுக்கி, வழக்கை ரத்து செய்ய மறுத்தது. பயந்து நடுங்கும் பையனுக்கும் உடம்பு தானாக எதிர்வினை காட்டலாம். அது சம்மதம் ஆகாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியாக வேண்டும். ‘நானும் உடந்தையோ’ என்ற குற்ற உணர்ச்சியில்தான் பல பையன்கள் வாய் திறப்பதில்லை.

மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 விழுக்காட்டினர் சிறுவர்கள். செய்தவர்கள் எல்லாரும் பெண்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பையனுக்கு எதுவும் நடக்காது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது தப்பு, அவ்வளவுதான்.

3ஆவது பிரிவுக் குற்றத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை; குழந்தைக்கு 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு. செய்தவர் ஆசிரியரோ நெருங்கிய உறவினரோ என்றாலும் குறைந்தது 20 ஆண்டுதான்.

தமிழ்நாட்டில் போக்சோ என்றதும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் அனுப்புவார்கள். பையனைக் கூட்டிவந்த அப்பா அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கி நின்றுவிடலாம். தயங்க வேண்டாம். பையனுக்காகவும் அங்கே புகார் கொடுக்கலாம். பக்கத்துக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் அழைத்தும் உதவி கேட்கலாம். பையனின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் பதிவு செய்ய வேண்டும். இரவில் அவனைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்: 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்ததைத் தலைமையாசிரியரே மறைத்தால் ஓராண்டு வரை.

ஒரு பெரிய ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவிலும் பாலியல் வன்கொடுமைப் பிரிவு ‘ஓர் ஆண்’ என்றுதான் தொடங்குகிறது; பாதிக்கப்பட்டவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அதனால் 19 வயதுக் கல்லூரி மாணவனுக்கு ஒரு பெண்ணால் இதே கொடுமை நடந்தால் அந்தப் பிரிவில் வழக்குப் போட முடியாது. ஆனால் 18 நிறைவதற்கு முன் நடந்தது என்றால், அவன் வளர்ந்த பிறகும் போக்சோவில் புகார் கொடுக்கலாம்.