30 கிலோ இறைச்சியும் ஒரு இடுப்பெலும்பும்

"மலையில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். இறைச்சியைச் சுமந்து கீழே கொண்டுவர 65 லிட்டர் பை போதுமா, 100 லிட்டர் வேண்டுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

லிட்டரை முதலில் தள்ளிவைப்போம். தசையின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு கன சென்டிமீட்டர் 1.06 கிராம். அப்படியென்றால் 30 கிலோ இறைச்சி அடைக்கும் இடம் 28 லிட்டர் சொச்சம். பள்ளிக்கூடப் பை அளவுதான்! பெரிய எல்க் மானின் ஒரு பின்தொடை எலும்போடு ஏறக்குறைய அந்த எடைக்கு வரும். பையில் இடம் தீர்வதற்கு ரொம்ப முன்பே முதுகில் தெம்பு தீர்ந்துவிடும். ஆகவே பை எவ்வளவு கொள்ளும் என்பதை விட்டுவிட்டு, எடை உடம்பில் எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தோளில் இறங்கினால் என்ன? வலிக்கும், அது தெரிந்ததுதான். தெரியாதது, கைக்குப் போகும் நரம்புக் கற்றை காறை எலும்புக்கு அடியில், அக்குள் வழியாகப் போகிறது என்பது. பாரமான பையின் வார் அதை மணிக்கணக்கில் அழுத்தினால் கை மரத்துப்போகும், சிலருக்குத் தோள் வலுவிழக்கும். குணமாகப் பல வாரங்கள்கூட ஆகலாம். மருத்துவர்கள் இதற்கு 'முதுகுப்பை வாதம்' என்ற பொருளில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் பை தயாரிக்கத் தொடங்கிய டிக் கெல்டியைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சியரா நெவாடா மலையில் நண்பரோடு நடந்துகொண்டிருந்தபோது, பையை விறைப்பாகப் பிடிக்கும் சட்டகத்தின் கீழ்முனைகளை ஜீன்ஸின் பின் பாக்கெட்டுகளுக்குள் செருகிப் பார்த்தாராம். சட்டென்று தோள் லேசாகிவிட்டது. எடை எங்கும் போகவில்லை, இடுப்புக்கு மாறியிருந்தது. அவருடைய பைகளுக்கு இடுப்பு பெல்ட் வந்தது அந்த யோசனையில்தான் என்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இந்த பெல்ட். ஒரு துணிப்பட்டை 30 கிலோவை எப்படித் தாங்குகிறது? உங்கள் இடுப்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விலாவுக்குக் கீழே மெத்தென்ற சதை, அதற்கும் கீழே திடீரென்று ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு அது. அங்கிருந்து உடம்பு கீழ்நோக்கி அகலமாகிறது. அதாவது, உங்கள் இடுப்பு கூம்பு போன்றது, குறுகிய பக்கம் மேலே. கூம்பின் மேல் ஒரு வளையத்தைப் போட்டால் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குக் கீழே இறங்காது. பெல்ட்டை இறுக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. வார் உள்நோக்கி அழுத்த அழுத்த உராய்வு கூடுகிறது. பின்பக்கம் முதுகெலும்பின் அடியில் இருக்கும் சரிவான எலும்பின் மேல் ஒரு மெத்தை வந்து பொருந்துகிறது. சரிவு கொஞ்சம் தாங்க, உராய்வு கொஞ்சம் தாங்க, பெல்ட்டுக்கு வரும் எடை இடுப்பு வழியாகத் தொடை எலும்புகளுக்குப் போய்விடுகிறது. முதுகெலும்பின் தட்டுகளுக்கும் கழுத்துக்கும் கொஞ்சம் விடுமுறை.

நிறையப் பேர் பெல்ட்டை இந்த விளிம்புக்கு மேலே, வயிற்றைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அங்கே எலும்பு இல்லை. அரை மணி நேரத்தில் பெல்ட் நழுவி, வயிற்றைப் பிசைந்து, எடை திரும்பத் தோளுக்கே வந்துவிடும். பெல்ட்டின் நடுக்கோடு அந்த எலும்பு விளிம்பின் மேல் வர வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோம் கடினமாகத்தான் இருக்க வேண்டும். கடையில் தலையணை மாதிரி சுகமாக இருக்கும் பெல்ட், 30 கிலோவில் நசுங்கி அப்பளமாகி எலும்பைக் கடிக்கும்.

பெல்ட்டும் தனியாக எதையும் செய்துவிடாது. எடையை அதுவரை கொண்டுவந்து சேர்க்க ஒரு தூண் வேண்டும். அதுதான் சட்டகம். ஒரு தாளை நிமிர்த்தி வைத்து மேலே பேனாவை வைத்தால் தாள் மடங்கும். அதையே இரண்டு மடிப்பு மடித்து நிறுத்தினால் தாங்கும். பை மூன்று விரற்கடை அளவு மடங்கிச் சுருங்கினாலே தோள்வார் இறுகி எடையை வாங்கிக்கொள்ளும். அதனால் அலுமினியமோ கார்பன் இழையோ, மேலிருந்து கீழாக விறைப்பாக இருக்க வேண்டும். அதேசமயம் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்குகிறதே, அதற்கு இடம்கொடுத்து முறுகவும் வேண்டும். 1991ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்சி மனிதரின் பக்கத்திலேயே வளைத்த ஹேசல் கம்பும் லார்ச் மரப் பலகைகளும் கிடந்தன. சுமைச் சட்டகம் என்றே ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். ஆக, இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை.

அப்புறம் திருப்புத்திறன். பள்ளியில் படித்ததுதான்: விசை பெருக்கல் தூரம். 30 கிலோ இறைச்சியின் ஈர்ப்பு மையம் பெல்ட்டுக்கு 15 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வையுங்கள். தோள்வார் பெல்ட்டிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் பிடிக்கிறது. நேராக நின்றால் தோளைப் பின்னுக்கு இழுக்கும் விசை 10 கிலோ எடைக்குச் சமம். அதே இறைச்சி பெல்ட்டுக்கு 30 செ.மீ. பின்னால் இருந்தால் 20 கிலோ! எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. இதைச் சமாளிக்கத்தான் நீங்கள் கூன்போட்டு நடக்கிறீர்கள். நல்ல வேட்டைப் பைகளில் சட்டகத்துக்கும் பைக்கும் நடுவே ஒரு தட்டு இருக்கும். இறைச்சி அங்கே, முதுகோடு ஒட்டி. கூடாரமும் துணியும் அதற்கு வெளியே.

இதை ஈர மணலில் சோதித்துப் பார்த்தேன். இறைச்சியைப் போலவே ஈர மணலும் சரியும், அடியில் போய்த் தொங்கும். 20 கிலோ மணலைத் துணிப்பைகளில் கட்டி ஏற்றியபோது, பத்து நிமிட நடையில் மூட்டை ஒரு சாண் கீழே இறங்கி, பை வெளியே பிதுங்கிவிட்டது. மூட்டையை முழங்காலால் அழுத்திக் குறுக்கு வார்களை இறுக்கிய பிறகுதான் நின்றது. தோள்வார்களிலிருந்து சட்டகத்தின் உச்சிக்குப் போகும் சின்ன வாரை இழுத்ததும், வாருக்கும் தோளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி கிடைத்தது. அந்த வார் ஏறக்குறைய 45 பாகை சாய்வில் மேலேறிப் போக வேண்டும். சட்டக உச்சி தோளைவிடத் தாழ்ந்திருந்தால் அது வெறும் அலங்காரம்.

"எடையில் 80 சதவீதம் இடுப்புக்கு" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 2004ல் வெளியிட்ட அளவீட்டில், சட்டகப் பையிலேயே கீழ்முதுகும் இடுப்பும் தாங்கியது சுமார் 30 சதவீதம்தான். இந்த அளவீடுகளில் கணிசமானவை ராணுவப் பணத்தில் நடப்பவை என்பதும் எனக்கு ஒரு குறை. வாழ்நாள் முழுக்கச் சுமை தூக்கிப் பிழைக்கிறவர்களை அளந்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நேபாளச் சுமைக்காரர்கள் பற்றி 2005ல் வந்த ஆய்வு அதில் ஒன்று. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதத்தை நெற்றிப்பட்டையில் தொங்கவிட்டு மலையேறினார்கள். அவர்களிடம் பெல்ட்டே இல்லை.

சரி, வாசகருக்குப் பதில்: 65 லிட்டரே போதும். கடையில் பையில் 20 கிலோவாவது போடச் சொல்லி, மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நடங்கள். பின்னால் ஒருவரை நிறுத்தி, பையின் உச்சியைப் பிடித்துக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். சட்டகம் மடங்கினால் வேறு பை பாருங்கள். பெரிய எல்க் மானில் எலும்பு நீக்கிய இறைச்சியே 90 கிலோ வரைக்கும் வரும், அதாவது மூன்று நடை. மிச்சத்தைக் காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டு விட்டுத்தான் முதல் நடைக்குக் கிளம்ப வேண்டும்.