டிடக்டிபிள்: 2 சதவீதம் என்றால் எதில் 2 சதவீதம்?

ஃப்ளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். 'டிடக்டிபிள்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருக்கும். தீ, திருட்டு, குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு ஒன்று. பெரும்பாலும் 1,000 அல்லது 2,500 டாலர் என்று நேரடியாகப் போட்டிருக்கும். ஹரிக்கேன் என்ற பெரும்புயலுக்கு இன்னொன்று, அது சதவீதத்தில் இருக்கும். பணம் கைவிட்டுப் போவது இந்த இரண்டாவதில்தான்.

நட்டத்தில் முதல் இவ்வளவு உங்களுடையது, அதற்கு மேல் நிறுவனத்துடையது என்று பிரிக்கும் கோடுதான் டிடக்டிபிள். அதை யாருக்கும் கட்டவேண்டியதில்லை. இழப்பீட்டைக் கணக்கிடும்போது கழித்துக்கொள்வார்கள். லத்தீனில் 'டே' என்றால் விலக்கி, 'டூகெரே' என்றால் இட்டுச்செல். இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்துக்கு வந்து 'கழித்தல்' ஆனது. பிரிட்டனில் இதையே 'எக்ஸஸ்' என்கிறார்கள். ஜெர்மானியர் வைத்திருக்கும் சொல்லின் பொருள் 'தன் பங்கேற்பு'. மூன்றில் அதுதான் நேர்மையான பெயர்.

தமிழில் 'கழிவுத்தொகை' என்று எழுதுவோர் உண்டு. இலங்கைத் தமிழில் கழிவு என்றால் விலைத் தள்ளுபடி. நமக்குக் கிடைக்கும் லாபம் என்ற எண்ணம் வந்துவிடும். 'விலக்குத்தொகை'யும் பொருந்தாது, ஏனென்றால் பத்திரமே ஏற்காத இழப்புகளைத்தான் விலக்கு என்கிறோம். 'தன்பங்கு' கிட்டத்தட்ட சரி; ஆனால் மருத்துவக் காப்பீட்டில் ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியை நாம் கட்டும் கோ-பேயோடு குழம்பும். 'தன்பொறுப்புத் தொகை' என்பதே என் தேர்வு. யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஹரிக்கேன் என்பது கரீபியத் தீவுகளின் டைனோ மக்கள் சொல். ஸ்பானியர் வாய்வழி ஆங்கிலத்துக்குப் போய், நம் ஊர் அரிக்கேன் விளக்காகவும் வந்து சேர்ந்தது. காப்பீட்டில் அதற்குக் கறாரான வரையறை உண்டு: நீடித்த காற்று மணிக்கு 74 மைல், அதாவது 119 கிலோமீட்டரைத் தொட்டால்தான் ஹரிக்கேன். அதற்குக் கீழே வெப்பமண்டலப் புயல். ஹரிக்கேன் ஆகாத புயல் உங்கள் கூரையைப் பெயர்த்தால் முதல் வகைத் தன்பொறுப்பே செல்லும். மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையம் ஃப்ளோரிடாவின் எந்தப் பகுதிக்காவது ஹரிக்கேன் வாட்ச் (வரக்கூடும் என்ற அறிவிப்பு) அல்லது வார்னிங் (வரப்போகிறது என்ற எச்சரிக்கை) விடுத்தால் இரண்டாவது வகையின் கடிகாரம் ஓடத் தொடங்கும். கடைசி அறிவிப்பு விலக்கப்பட்டு 72 மணி நேரம் கழித்துத்தான் நிற்கும்.

இந்தச் சதவீதக் கணக்கு பரவியது 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஹரிக்கேன் தெற்கு ஃப்ளோரிடாவைச் சிதைத்த பிறகு. பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. மிஞ்சியவை சுமையில் ஒரு பங்கை வீட்டுக்காரர் பக்கம் நகர்த்தின.

அந்தச் சதவீதம் நட்டத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை. கட்டடத்துக்கு நீங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டு மதிப்பின் மீது கணக்கிடப்படுகிறது. வீடு 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டிருந்தால் 2 சதவீதம் 8,000, 5 சதவீதம் 20,000, 10 சதவீதம் 40,000. கூரை நட்டம் 25,000 டாலர் என்றால் கைக்கு வருவது முறையே 17,000, 5,000, ஒன்றுமில்லை. 500 டாலர் என்ற தெரிவும் சட்டத்தில் உண்டு, எல்லா வீட்டுக்கும் கிடைக்காது. பிரீமியம் குறைகிறதே என்று 10 சதவீதத்துக்குப் போகிறவர் அந்த 40,000 டாலரை வங்கியில் வைத்திருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது காப்பீட்டு மதிப்பு 4.6 லட்சமாக ஏறினால், 2 சதவீதமும் சத்தமில்லாமல் 9,200 ஆகிவிடும்.

மாற்றுவதானால் ஜூன் 1-க்கு முன்பே மாற்றுங்கள். ஹரிக்கேன் பருவம் அன்று தொடங்கி நவம்பர் 30 வரை. புயல் நெருங்கிவிட்டால் நிறுவனங்கள் புதிய பத்திரங்களையும் மாற்றங்களையும் நிறுத்திவைத்துவிடும். வெள்ளம் இந்தப் பத்திரத்தில் சேராது. கடல் பொங்கி வீட்டுக்குள் வந்தாலும் அது வெள்ளமே. தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியே எடுக்க வேண்டும். கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், பொருள்களுக்கு 1,00,000. இரண்டுக்கும் தனித்தனித் தன்பொறுப்பு. பொதுவாக 30 நாள் காத்திருப்பும் உண்டு.

வீட்டைத் தயார்ப்படுத்துவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பறந்த ஷிங்கிள்கள் (கூரைமேல் பதிக்கும் தகடுகள்), உடைந்த ஜன்னல், சாய்ந்த வேலி எல்லாமே பெரும்பாலும் முதல் 8,000-க்குள் அடங்கிவிடும். அதாவது உங்கள் பணம். ஜன்னல்களுக்கு ஷட்டர் இல்லையென்றால் 5/8 அங்குல ப்ளைவுட்டை முன்கூட்டியே அளவுக்கு வெட்டி, துளையிட்டு, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி வையுங்கள். வாட்ச் வந்தபின் புயல்காற்றுக்குச் சுமார் 48 மணி நேரமே இருக்கும். கடையில் பலகை தீர்ந்திருக்கும். கராஜ் கதவுதான் பல வீடுகளில் பலவீனமான இடம். அது உள்வாங்கினால் காற்று புகுந்து உள்ளிருந்து கூரையை மேலே தள்ளும். கூரைச் சட்டத்தைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டைகள் இருந்தால் வீடு காற்றை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் 'விண்ட் மிட்டிகேஷன்' சோதனை செய்துகொள்ளுங்கள். பிரீமியம் குறையும், தன்பொறுப்பு குறையாது.

சேதத்துக்குப் பின் தார்ப்பாய் போட்டு மேலும் நனையாமல் காப்பது உங்கள் கடமை. முதலில் படமெடுத்துவிட்டு மூடுங்கள், ரசீதை வையுங்கள். நட்டம் 3,000 டாலர்தான், எதற்குச் சொல்வது என்று விட்டுவிடாதீர்கள். 2004-இல் நான்கு ஹரிக்கேன்கள் வரிசையாக அடித்ததில் ஒரே வீட்டுக்காரர் மறுபடி மறுபடி தன்பொறுப்பைச் சுமந்தார். அதனால் இப்போது ஃப்ளோரிடாவில் ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு ஒரு முறைதான் ஹரிக்கேன் தன்பொறுப்பு. முதல் புயலில் 3,000 பதிவாகியிருந்தால், அதே ஆண்டின் அடுத்த ஹரிக்கேனுக்கு 8,000-இல் மீதி 5,000 மட்டுமே கழியும். மீதியைவிடச் சாதாரணத் தன்பொறுப்பு பெரிதாக இருந்தால் அது கழியும். பதிவும் ரசீதும் இல்லையென்றால் அந்த 3,000 கணக்கில் ஏறாது. எப்படியும், நட்டம் நேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.