தூறல் நாளிலும் திடலுக்கு விடுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் நான் கண் பரிசோதிக்கும் கடைக்குச் சனிக்கிழமைகளில் வருவோரில் பாதிப்பேர் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். கடந்த அக்டோபரில் மூன்றாமாண்டு மாணவன் ஒருவனைப் பாட்டி அழைத்து வந்தார். ஓராண்டில் அவன் கிட்டப்பார்வைக் கண்ணாடியின் பவர் மைனஸ் 1.25இலிருந்து 2.00க்கு ஏறியிருந்தது. பள்ளியில் வெளியே விளையாடுகிறானா என்று கேட்டேன்.

“மழைக்காலம் டாக்டரம்மா. திடல் பக்கமே விடுவதில்லை. நனைந்தால் காய்ச்சல் வந்துவிடாதா?”

(நான் டாக்டர் அல்ல, கண் பரிசோதகர். மூன்று ஆண்டுகளாகச் சொல்கிறேன், பாட்டி ஏற்பதாயில்லை.)

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம்தான். ஆனால் மழை பெய்யும் நேரத்தைவிட, பெய்துவிடுமோ என்று பிள்ளைகளை உள்ளே அடைத்து வைக்கும் நேரமே அதிகம். வானம் கறுத்தால் போதும், ஓய்வு நேரம் சிற்றுண்டிச்சாலையோடு முடிந்துவிடுகிறது. உடற்கல்விப் பாடத்தில் கணிதப் பயிற்சி நடக்கிறது.

கண்ணுக்கு வெயில் வேண்டாம், வெளிச்சம் போதும். பார்வைப் பரிசோதனைக்காக ஒரு பள்ளிக்குப் போனபோது ஒளிமானியையும் எடுத்துச் சென்றேன். எல்லா விளக்குகளும் எரிந்த வகுப்பறையின் நடுமேசையில் 320 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). கதவைத் தாண்டி நடைபாதையில் 2,000. மேகம் மூடிய, புல் இன்னும் ஈரமாக இருந்த திடலில் 11,000. மானி பழுதோ என்று ஆசிரியை கேட்டார். பழுதில்லை. கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருப்பதால் இந்த முப்பது மடங்கு வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. விழித்திரைக்கு உறைக்கிறது. நல்ல வெளிச்சத்தில் அது டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. வளரும் விழி அளவுக்கு மீறி நீண்டுவிடாமல் அதுவே தடுக்கிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். விழி நீண்டுவிட்டால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும். கிட்டப்பார்வை என்பது அதுதான்.

சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப்பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்றாண்டு முடிவில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5. 2015இல் வெளியான முடிவு இது. தைவான் 2010 முதலே நாளுக்கு 120 நிமிட வெளிநேரத்தை இலக்காக வைத்திருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில்தான் வெளிச்சத்தின் பலன் தெளிவாகத் தெரிகிறது. வந்தபின் அதன் கை அவ்வளவு ஓங்குவதில்லை. அதனால் பேரனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டு, மூலையில் பாட்டியின் கைத்தொலைபேசியை மூக்கருகே பிடித்திருந்த அவன் தங்கையைக் கூப்பிட்டேன். முதலாமாண்டு. பார்வை இன்னும் நன்றாகவே இருந்தது. காப்பாற்ற வேண்டிய கண் அவளுடையது.

எல்லா வானிலையிலும் வெளியே விடுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. இடி கேட்டால் உடனே உள்ளே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை திடல் வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கை கூடாது. கொளுத்தும் வெயிலில் மரநிழல் போதும், அங்கும் ஆயிரக்கணக்கில் லக்ஸ் இருக்கிறது. மற்றபடி தூறலும் ஈரப்புல்லும் தடையே அல்ல. காய்ச்சலைக் கொண்டுவருவது கிருமி. அது மூடிய அறையில் இன்னும் வசதியாகப் பரவும்.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. “நாங்கள் விடுவோம். சட்டையில் சேறு என்று இரவே வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும்” என்றார் ஒளிமானியைச் சந்தேகித்த அதே ஆசிரியை. பள்ளிச் சப்பாத்து வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறிய பிறகும் சேற்றுக்கு இத்தனை பயம் ஏனோ!

பேத்தியின் பையில் ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் வைத்து அனுப்புங்கள் என்றேன். பாட்டி பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

“தண்ணீர்ப் புட்டிக்கே இடமில்லை, டாக்டரம்மா. எந்தப் புத்தகத்தை எடுக்கட்டும்?”