ஸ்லட்ஜ் என்றால் கசடா, பிரையா?

திருநெல்வேலியில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். ஆப்பரேட்டர் அண்ணாச்சி காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் அளவு சிலிண்டரில் தண்ணீரை மொண்டு நிழலில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் காபி மாதிரி கலங்கலாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பழுப்புப் பஞ்சு போலத் திரள ஆரம்பித்து, அரை மணி நேரத்தில் அடியில் 300 மில்லி கோட்டுக்கு இறங்கி நின்றது; மேலே நல்ல தெளிவு.

“இவ்வளவு கசடு கிடக்கே அண்ணாச்சி, அள்ளிக் கொட்டிர வேண்டியதுதானே?”

“கொட்டிட்டா நாளைக்கு யாருய்யா வேலை பாக்கது? இதுல்லா பிரை!”

பாலை உறைய வைக்க விடுவோமே, அந்தப் பிரை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு சொல்தான்.

ஸ்லட்ஜ் என்ற ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டிலிருந்து சேறு, சகதி என்ற பொருளில் வழங்கி வருகிறது. தமிழில் அதற்குக் கசடு என்கிறோம், அரசு அறிவிப்புகளிலும் மலக்கசடு என்றே வருகிறது. கசடு பழைய சொல். ‘கற்க கசடறக் கற்பவை’ என்னும் குறளில் அதற்குக் குற்றம், மாசு என்று பொருள், அதாவது அறுத்து எறிய வேண்டியது. செப்டிக் டேங்கில் அள்ளுவதற்கு இந்தப் பெயர் சரியாகவே பொருந்தும். நம் பக்கத்தில் இன்னும் சொற்கள் உண்டு: குளத்தடியில் படிவது வண்டல், எண்ணெய்ச் சட்டியில் தங்குவது மண்டி, மழைக்குப் பின் தெருவில் மிதிபடுவது சகதி. சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் தொட்டியில் தங்கும் மணலையும் மண்ணையும் வண்டல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் அந்தச் சிலிண்டரில் இறங்கியது இது எதுவும் இல்லை. அது கழிவுநீரின் அழுக்கைத் தின்று வளரும் உயிருள்ள பாக்டீரியாக் கூட்டம், ஆங்கிலத்தில் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் இந்தப் பெயரை உலகுக்குச் சொன்னார்கள். புட்டிகளில் கழிவுநீரை ஊற்றிக் காற்றை ஊதினார்கள், முழுதாகச் சுத்தமாக வாரக்கணக்கில் ஆயிற்று. அப்புறம் தெளிந்த தண்ணீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கியதை அப்படியே வைத்து அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒரு நாளுக்குள் முடிந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பிற்பாடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்தார்.

நம் வீட்டில் தினமும் நடப்பதும் இதுதானே. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைத்து இன்றைய பாலில் விடுகிறோம், அதை உறைமோர் என்பார்கள், பிரை என்பார்கள். நிலையத்திலும், காற்றூட்டிய பிறகு தண்ணீரைத் தெளிய விடும் தெளிதொட்டியின் அடியில் இறங்கியதைப் பம்பு வைத்துக் காற்றுத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ‘செயலூட்டப்பட்ட கசடு’ என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் வேலை என்ன என்று யாருக்கும் விளங்காது. பிரைக்கசடு என்றால் பால் காய்ச்சுகிற யாருக்கும் விளங்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் “கசடு சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்யுங்கள்” என்று லாரி வைத்துத் தொட்டியை முழுக்க உறிஞ்சிவிட்டார்கள். பிரை போயிற்று. பல நாள் நாறிய தண்ணீர் வாறுகாலில் ஓடியது, வாறுகால் கால்வாயில் விழுந்தது. கால்வாய் தாமிரபரணிக்குத்தான் போகும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

இடமில்லாத ஊரில் இந்தச் சொல் இன்னும் முக்கியம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வீடு, பின்னால் கால்வாய்க்கரை என்று நெருங்கிவிட்ட நிலையத்தில் புதுத் தொட்டி கட்ட முடியாது. கழிவுநீர் மட்டும் கூடிக்கொண்டே வரும். அதே தொட்டியில் பிரையை அதிகமாக வைத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. சரி, கூட்டிவிட வேண்டியதுதானே என்றால், தெளிதொட்டி தாங்காது. லிட்டருக்கு மூன்று, நான்கு கிராமுக்கு மேல் போனால் பஞ்சுத் திரள் சரியாக இறங்காமல் விளிம்பு வழியாகத் தண்ணீரோடு வெளியேறும்.

இதற்கு வழிகள் உண்டு. 1980களின் இறுதியில் நார்வேயில் வளர்த்தெடுத்த முறையில், சக்கர வடிவப் பிளாஸ்டிக் சில்லுகளைத் தொட்டியில் மிதக்க விடுகிறார்கள், பாக்டீரியா அதில் வழுவழுவென்று பாசி மாதிரி ஒட்டி வளர்கிறது. மிதவைச் சில்லு என்று நான் எழுதுவேன். இன்னொன்று சவ்வு வைத்து வடிகட்டுவது, தெளிதொட்டியே வேண்டாம், ஆனால் சவ்வு அடைத்துக்கொள்ளும், கரண்டும் கூடுதலாக இழுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் வளர்த்து, 2012இல் எப்பே என்ற ஊரில் முழு அளவில் ஓடத் தொடங்கியது. பஞ்சாகத் திரளும் பிரையை, மெதுவாக இறங்குவதைக் கழித்துக் கழித்து, கெட்டியான மணிகளாக வளரப் பழக்குகிறார்கள். நல்ல நெய் மணல் மணலாக உறையுமே, அப்படி. மணியின் வெளிப்புறத்தில் பிராணவாயு உண்டு, உள்ளே இல்லை, அதனால் இரண்டு விதமான பாக்டீரியாவும் ஒரே மணிக்குள் குடியிருக்கும். அது மளமளவென்று இறங்குவதால் தெளிதொட்டிக்குத் தனி இடமே தேவைப்படாது. ஆங்கிலத்தில் கிரானுலர் ஸ்லட்ஜ், தமிழில் மணிப்பிரை.

எல்லாப் பிரையும் நமக்கு வேண்டாம்தான். வளர்ந்து மிஞ்சியதைத் தினமும் கொஞ்சம் வெளியே எடுத்து உலர்த்த வேண்டும். அப்படி வெளியே வந்ததை மட்டும் கசடு என்று சொல்லலாம்.

அண்ணாச்சியின் நிலையத்தில் தொட்டிக்குத் திரும்பும் குழாயின் வால்வில் ‘ரிட்டர்ன்’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தது, பாதி அழிந்துபோய். அடுத்த தடவை பெயிண்ட் டப்பாவோடு போய் ‘பிரை, மூடாதே’ என்று எழுதிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன், அவரும் சரி என்றார்.