சி.ஓ.பி.டி.: நாள்பட்ட மூச்சுத்தடை நோய்

வேலூர், குடியாத்தம் பக்கத்தில் மூச்சிரைக்கும் பெரியவரிடம் என்ன நோய் என்று கேட்டால் 'இழுப்பு' என்பார், 'வீசிங்' என்பார், 'ஆஸ்துமா' என்பார். மருத்துவச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருக்கும். பத்திரிகைத் தமிழில் இதற்கு 'நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என்று பெயர். இந்தப் பெயரின் இரண்டு சொற்கள் நோயாளிகளைத் தொடர்ந்து குழப்புகின்றன.

முதலாவது 'நாள்பட்ட'. ஆங்கில மூலச்சொல்லான 'கிரானிக்', காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நெடுங்காலம் நீடிப்பது என்பதே பொருள். கடுமையை அது சொல்வதில்லை. நம் வீடுகளிலோ 'நாள்பட்டது' என்றாலே முற்றிவிட்டது, இனிப் பயனில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோய் லேசான நிலையில் இருப்பவரும் அதைக் கேட்டு மருந்தை விட்டுவிடுகிறார். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ('நாட்பட்ட' என்று எழுதுவதும் சரியே, நாள், பட்ட இரண்டும் புணர்ந்தால் ளகரம் டகரமாகும்.)

இரண்டாவது 'அடைப்பு'. இதய அடைப்பையும் ஸ்டென்ட்டையும் கேட்டுப் பழகிய காதுக்கு, ஓரிடத்தில் ஏதோ அடைத்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்று தோன்றும். இங்கே அப்படி ஓரிடம் கிடையாது. சிறு மூச்சுக்குழல்கள் அழற்சியால் தடித்துக் குறுகுகின்றன, சளி சேர்கிறது. காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்து நுரையீரல் சுருங்கிவிரியும் தன்மையை இழக்கிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாமல் தங்குகிறது. ஆகவே 'மூச்சுத்தடை' என்பதே பொருத்தம் என்பேன்.

ஆஸ்துமாவும் கிரேக்கச் சொல்தான். இரைப்பு என்று பொருள். சித்த மருத்துவம் அதை இரைப்பிருமல் என்கிறது. ஆஸ்துமாவில் குறுகிய குழல்கள் மருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். மூச்சுத்தடை நோயில் முழுதாகத் திரும்புவதில்லை.

காரணங்களில் புகைப்பழக்கம் முதன்மையானது. பீடியைத் தொட்டே இராத, ஆனால் விறகடுப்பின் முன் காலமெல்லாம் சமைத்த பெண்களுக்கும் இந்நோய் வருகிறது.

நோயின் கடுமையை வகைப்படுத்துவது, ஊதும் காற்றை அளக்கும் கருவியான ஸ்பைரோமீட்டரில் தொடங்குகிறது. மூச்சை நிறைய இழுத்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். "இன்னும், இன்னும், விடாதீர்கள் ஐயா" என்று பக்கத்தில் நிற்பவர் ஊக்குவிப்பார். குழல் விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு விநாடியில் வந்த பங்கு 0.70க்குக் கீழே இருந்தால் மூச்சுத்தடை உறுதி. பிறகு, அந்த ஒரு விநாடி அளவை அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவோடு ஒப்பிடுவார்கள். 80 சதவீதமும் அதற்கு மேலும் முதல் நிலை. 50 முதல் 79 இரண்டாவது. 30 முதல் 49 மூன்றாவது. 30க்குக் கீழ் நான்காவது.

ஆனால் ஒரே எண் உள்ள இருவர் ஒரே மாதிரி வாழ்வதில்லை. ஒருவர் சோளிங்கர் மலைப்படியில் பாதி ஏறிய பிறகே நிற்பார். இன்னொருவருக்குச் சட்டை மாட்டுவதற்குள் மூச்சு வாங்கும். அதனால்தான் 'கோல்டு' என்னும் உலகளாவிய வழிகாட்டி, 2023 முதல் மருந்தைத் தீர்மானிக்க ஏ, பி, ஈ என்று மூன்று பிரிவுகளை வைத்திருக்கிறது. அன்றாட இரைப்பு குறைவென்றால் ஏ, மிகுதியென்றால் பி. ஓராண்டில் மிதமாகவோ, மருத்துவமனையில் சேரும் அளவுக்கோ நோய் சீறியிருந்தால், அதாவது திடீரென்று மோசமாகியிருந்தால் ஈ. ஆகவே மருத்துவரிடம் அறிக்கையை நீட்டினால் மட்டும் போதாது. எவ்வளவு தூரம் நடந்ததும் நிற்கிறீர்கள், சென்ற ஆண்டு எத்தனை முறை திடீரென்று மோசமானது என்பதையும் சொல்லுங்கள்.

புகையை விடுவதற்கு ஈடான மருந்து எதுவும் இல்லை. இன்ஹேலர் எடுத்தால் பழகிவிடும் என்ற பயம் வேண்டாம். அதை இழுக்கும் முறையைத்தான் மருத்துவமனையில் செய்து காட்டச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததென்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளிப்பது அவசியம். மூச்சு வாங்கும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினால் தேங்கிய காற்று வெளியேற வழி கிடைக்கும். நடையை நிறுத்தவே கூடாது. நின்று நின்றாவது நடக்கலாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழிக் காலைப் பனியிலும் போகிப் புகையிலும் நோய் சீறக்கூடும். அந்த நாட்களில் விடியற்காலை வெளியே போவதைத் தவிர்க்கலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, இரைப்பும் கூடினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பொங்கல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.